முதல் நாவலா? வயதுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாவல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அத்தியாயப் பட்டியல்தான் முதலில் போடுகிறார்கள். மூன்றாவது அத்தியாயத்திலேயே கதை வேறு பக்கம் போய்விடும், பட்டியல் வீண். அதற்கு முன்னால் ஒரு வயதுக் கணக்கு போட்டுப் பாருங்கள்.

பெரிய தாள் ஒன்று. இடது ஓரத்தில் ஆண்டுகள், மேலே பாத்திரங்களின் பெயர்கள், கட்டங்களில் அவரவர் வயதும், அந்த ஆண்டு அவருக்கு நடந்ததும். அவ்வளவுதான். நாயகன் 1950-இல் பிறந்தவன் என்றால், தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பரில் அவனுக்கு 14. 1967 தேர்தலில் ஊரே கொதித்தாலும் அவனுக்கு ஓட்டு கிடையாது. அப்போது வாக்களிக்கும் வயது 21, அது 18 ஆனது 1989-இல்தான். (கள்ள ஓட்டு போட வைக்கலாம். ஒரு காட்சி கிடைத்துவிட்டது!)

அப்புறம் காலிக் கட்டங்களைத் தேடுங்கள். அக்காவுக்கு 22 முதல் 27 வரை எதுவுமே எழுதவில்லையா? கதை அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்த ஐந்து வருடம் எங்கே இருந்தாள், செலவுக்கு யார் கொடுத்தது, கல்யாணப் பேச்சு ஏன் நின்றது? தோன்றுவதையெல்லாம் கிறுக்குங்கள். அபத்தமாகப் பட்டாலும் இப்போதைக்கு அடிக்க வேண்டாம்.

மாதத்தையும் குறித்துவையுங்கள். மார்கழியில் ஏழை நாயகி முழம் முழமாக மல்லிகை வாங்கினால், பூ விலை தெரிந்த மதுரைக்காரர் சிரித்துவிடுவார்.

எக்செலில் போட்டாலும் சரிதான். ஆனால் ஒரு பிரின்ட் எடுத்து மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.