வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்துவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் வயதான பெரியவர் ஒருவரும் இருக்கிற சென்னை வீடுகளில், வேலைக்கு ஆள் வைக்கலாமா என்ற பேச்சு பெரும்பாலும் ஒரு திங்கட்கிழமை காலையில், தேய்க்காத பாத்திரங்கள் குவிந்த தொட்டியின் முன்னால் நின்றபடிதான் எழுகிறது. அந்த அவசரத்திலேயே வாட்ச்மேனிடம் சொல்லி வைக்கிறோம். அவர் அழைத்துவரும் முதல் பெண்ணிடம், "எல்லா வேலையும் பார்க்கணும், எவ்வளவு வேணும்?" என்று கேட்டுவிடுகிறோம். அவரும் ஒரு தொகையைச் சொல்கிறார். நாம் ஐந்நூறு குறைத்துப் பேசி முடித்துவிடுகிறோம். மூன்றாவது மாதம் அவர் சொல்லாமல் நின்றுவிடும்போது, ஆளே கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். அவர் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த "எல்லா வேலையும்" என்ற இரண்டு சொற்கள்தாம்.

ஆகவே ஆளைத் தேடுவதற்கு ஒரு வாரம் முன்பே, ஒரு நோட்டில் உங்கள் வீட்டு வேலையை நேரத்தோடு எழுதுங்கள். மனக்கணக்கு உதவாது, கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். பத்துப்பாத்திரம் தேய்க்க அரை மணி நேரம் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இட்லித் தட்டு, குக்கர், அடிப்பிடித்த பால் பாத்திரம், நான்கு டிபன் டப்பாக்கள், அவற்றின் எண்ணெய் படிந்த மூடிகள் எல்லாவற்றையும் நானே தேய்த்துப் பார்த்த அன்று ஐம்பது நிமிடம் ஆனது. இரண்டு படுக்கையறை உள்ள எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைக்க நாற்பத்தைந்து நிமிடம். துணியை இயந்திரம் துவைத்துவிடுகிறது என்றாலும், உலர்த்தி, முந்தைய நாள் துணியை மடித்து வைக்க இருபது நிமிடம். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வாசல் தெளித்துக் கோலம் போடுவது, காய் நறுக்குவது, மின்விசிறி துடைப்பது, ஒட்டடை அடிப்பது ஆகியவை இதில் சேரவில்லை. வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ வரும் வேலைகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பிற்காலத்தில் மனக்கசப்பு வருவதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

கழிப்பறை கழுவும் வேலையை எந்தப் பட்டியலிலும் ஒளித்து வைக்காதீர்கள். பலர் அதைச் செய்ய விரும்புவதில்லை. செய்பவர்களும் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள், அது நியாயமானதும்கூட. முதல் நாளே வெளிப்படையாகக் கேட்டு, மறுத்தால் அதை மரியாதையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நேரத்தோடு நேரப்பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். காலை ஏழு முதல் ஒன்பது வரை உங்கள் வீட்டில் எல்லோரும் அடுக்களைக்கும் குளியலறைக்கும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். அதே நேரத்தில்தான் ஊரில் எல்லா வீடுகளும் ஆளைக் கேட்கின்றன. ஒன்பதரைக்கு மேல் வந்தால் போதும் என்று உங்களால் சொல்ல முடியுமானால், கிடைக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் கூடும், அவர்கள் பதற்றமில்லாமல் வேலை செய்யவும் முடியும். அதற்கு வீட்டில் பெரியவர் யாராவது இருக்க வேண்டும், அல்லது சாவி கொடுக்கும் நம்பிக்கை வர வேண்டும். குழாயில் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்தில்தான் வரும் என்றால், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேடும் இடம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்கள் தெருவிலேயே, அல்லது அதே அடுக்ககத்திலேயே ஏற்கெனவே ஒன்றிரண்டு வீடுகளில் மேல்வேலை பார்ப்பவர்தான் எல்லா வகையிலும் பொருத்தமானவர். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் பக்கத்து வீட்டில் வேலை செய்பவரிடமும் சொல்லி வைத்தால் இரண்டு மூன்று நாளில் செய்தி பரவிவிடும். தூரம் என்பது இங்கே சிறிய விஷயமன்று. நகரத்தின் நடுவே குடிசைகளில் இருந்த பல குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கு மாற்றப்பட்ட பின்னும், அங்கிருந்து பழைய வேலைக்காகவே மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் பேருந்தில் வருகிற பெண்கள் உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பணம் மிச்சமாகலாம், நேரம் மிச்சமாவதில்லை. அப்படி வருபவரிடம் ஏழு மணி என்றால் ஏழு மணிதான் என்று அடம் பிடிப்பதில் பொருளில்லை.

முகவர் நிறுவனங்கள் வழியாக எடுப்பது, வீட்டோடு தங்கும் ஆளுக்கோ முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கோ தேவைப்படலாம். பணம் கட்டுவதற்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: நீங்கள் தரும் தொகையில் பணியாளரின் கைக்கு எவ்வளவு போகிறது, அவர் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள் வருவார், பதிவுக் கட்டணம் எந்தச் சூழலில் திரும்பக் கிடைக்கும். முதல் கேள்விக்கு நேரான பதில் சொல்லாத முகவரை விட்டுவிடலாம்.

சம்பளத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணிக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. 2018-இல் அரசு அறிவித்த ஊதியம், வேலையின் திறனைப் பொறுத்து மணிக்கு 37 ரூபாய் முதல் 39 ரூபாய் வரை. வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்கு 10 சதவீதம் கூடுதல். மேலே எழுதிய இரண்டு மணி நேர வேலையை மாதம் 26 நாள் செய்தால் 52 மணி நேரம். 39 ரூபாய் வீதம் 2,028 ரூபாய். இந்தத் தொகையைச் சொல்லி இன்று சென்னையில் ஆள் அமர்த்த முயன்றால் சிரித்துவிட்டுப் போவார்கள். சட்டம் சொல்வது இதற்குக் கீழே போகக் கூடாது என்ற அடிமட்டம் மட்டுமே. தெருவின் நடப்பு விலை வேறு. உங்களைப் போன்ற அளவுள்ள மூன்று வீடுகளில் என்ன தருகிறார்கள், எத்தனை வேலைக்குத் தருகிறார்கள் என்று விசாரித்து, அதை மணிக்கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றிப் பார்க்கும்போதுதான், தாராளமாகத் தருகிறோம் என்று நினைத்திருந்த வீடு உண்மையில் தெருவிலேயே குறைவாகத் தருவது புலப்படும். என் வீட்டில் அப்படித்தான் புலப்பட்டது. உறவினர் வருகை, பிள்ளைகளின் பிறந்தநாள் என்று சிறிது சிறிதாகச் சேர்த்த வேலையால் இரண்டு மணி நேரம் மூன்றாகியிருந்தது, சம்பளம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றிருந்தது.

ஆகையால் பேசும்போதே நான்கு செய்திகளை முடித்துவிடுவது நல்லது: என்னென்ன வேலைகள், விருந்தாளி வந்தால் கூடுதலாக எவ்வளவு, ஆண்டுக்கு ஒருமுறை எந்த மாதத்தில் சம்பளம் உயரும், தீபாவளிக்கு என்ன தரப்படும். ஒரு மாதச் சம்பளத்தைத் தீபாவளி போனஸாகத் தருவது பல வீடுகளின் வழக்கம். புடவை மட்டும் கொடுத்து முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேசியதை அரைப்பக்கத் தமிழில் எழுதி, அவருக்கு ஒரு படி கொடுங்கள். படிக்க இயலாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள், அல்லது அவர் கைப்பேசிக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள்.

சம்பள நாளும் முக்கியம். வாடகையும் சீட்டுப் பணமும் ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டியிருப்பதால், பத்தாம் தேதி வரும் சம்பளம் அவருக்குக் கடனாகத்தான் முடிகிறது. கைப்பேசி வழியாக அனுப்பினால் பதிவு இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் கணக்கு கணவரின் கைப்பேசியிலோ மகனின் கைப்பேசியிலோ இருந்தால் பணம் அவர் கைக்கு வருமா என்பதைத் தனியாக அழைத்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். ரொக்கமாகத் தந்தால் நோட்டில் தேதியும் கையெழுத்தும் போதும்.

அடையாளம் சரிபார்ப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆதார் நகலை வாங்கிக்கொள்ளலாம். அசல் அட்டையை ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. முன்பு வேலை செய்த வீட்டாரிடம் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசினால் பாதி விவரம் தெரிந்துவிடும். ஏன் நின்றார் என்பதை அந்த வீட்டாரிடமும் அவரிடமும் தனித்தனியே கேளுங்கள். வீட்டில் தங்கும் ஆள் என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையைப் பயன்படுத்தலாம். அதில் வீட்டுப் பணியாளருக்கெனத் தனிப் பிரிவு உள்ளது. வயதில் மட்டும் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளாதீர்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலையில் அமர்த்துவதற்கான தடை 2006 அக்டோபர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். ஊரிலிருந்து வந்த ஏழைப் பெண், படிக்க வைக்கிறோம், கூடமாட ஒத்தாசையாக இருக்கட்டும் என்று சொல்லிப் பதினாறு வயதுப் பெண்ணை வைத்துக்கொள்வதும் எனக்கு ஏற்புடையதன்று. பதினெட்டு நிரம்பியவரையே அமர்த்துங்கள்.

சாதி கேட்பதும், தனித் தம்ளர் வைப்பதும் இன்னும் ஓயவில்லை. அந்த வழக்கத்தை விட முடியாத வீடுகள் தங்கள் பாத்திரங்களைத் தாங்களே தேய்த்துக்கொள்வதுதான் முறை. வேலை செய்யும் வீட்டில் அவர் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான்கு வீடு ஏறி இறங்குபவர் காலை ஆறு மணியிலிருந்து அடக்கிக்கொண்டிருப்பார், வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

முதல் வாரத்தில் நீங்களோ வீட்டில் ஒருவரோ கூட இருக்க வேண்டும். எந்தத் துணி எந்த அறைக்கு, நான்ஸ்டிக் தவாவுக்கு எந்த நார், பூஜைப் பாத்திரத்தை யார் தேய்ப்பது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். குறை சொல்வதை அந்த வாரம் முழுக்க ஒத்திவையுங்கள். துப்புரவுப் பொருள்களைப் பற்றிய ஓர் எச்சரிக்கையை மட்டும் முதல் நாளே சொல்ல வேண்டும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள். கையுறையும் நீண்ட பிடியுள்ள துடைப்பானும் வாங்கிக் கொடுங்கள். மின்விசிறி துடைக்க நாற்காலி மேல் முக்காலி போட்டு ஏறச் சொல்லாதீர்கள். உயரமான வேலைக்கு ஏணி இல்லையென்றால் அந்த வேலையை நிறுத்தி வைக்கலாம்.

விடுமுறைதான் அதிகம் சண்டை நடக்கும் இடம். வீட்டுப் பணியாளர் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு உடன்படிக்கை, வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்ததே தவிர, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சட்டம் வற்புறுத்தாவிட்டாலும், மாதம் நான்கு நாள் சம்பளத்துடன் விடுமுறை, அவற்றை எப்போது எடுப்பது என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுவது என்று பேசிக்கொண்டால், சொல்லாமல் நிற்கும் நாள்கள் பெரிதும் குறையும். லீவு போட்டால் சம்பளம் பிடிப்போம் என்ற வீட்டில், காய்ச்சல் வந்தவர் மூன்று நாள் கைப்பேசியை அணைத்துவிடுவார். அதே போல, கோடை விடுமுறையில் நீங்கள் பத்து நாள் ஊருக்குப் போனால் அந்த நாள்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது; வேலை இல்லாமல் போனது உங்களால்தான்.

முன்பணம் கேட்பது தவிர்க்க முடியாதது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ கேட்பார். நாம் மறுத்தால் வட்டிக்கு வாங்குவார். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாமல், மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கழிப்பதாக எழுதி, இருவர் நோட்டிலும் பதிந்துகொண்டால் சிக்கல் இல்லை. கடனைக் காட்டி வேலையை விட்டுப் போகவிடாமல் தடுப்பது கொத்தடிமை முறையின் தொடக்கம்.

வீட்டு ஆண்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. வீட்டுப் பணியாளர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம். இதை அவரிடமும் சொல்லி வையுங்கள். கண்காணிப்புக் கேமரா வைத்திருந்தால் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

மூன்று மாதம் ஒத்துப்போய்விட்டால் ஒரு நாள் அவருடன் உட்கார்ந்து இரண்டு வேலைகளை முடித்துக் கொடுக்கலாம். ஒன்று, 2007-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்வது; 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம், பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி, ஓய்வூதியம் போன்றவை அதன் வழியே கிடைக்கும். நம் வீட்டில் வேலை செய்கிறார் என்று எழுதிக் கொடுக்க அஞ்ச வேண்டியதில்லை. மற்றொன்று, அவருடைய வங்கிக் கணக்கில் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டைத் தொடங்குவது; ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அந்த 20 ரூபாயை நீங்களே கட்டிவிடலாம்.

ஒத்துவராவிட்டால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், அல்லது ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். பொருள் காணாமல் போனால் உடனே அவரைச் சந்தேகிக்காமல் பீரோவையும் பரணையும் முதலில் தேடுங்கள்; எங்கள் வீட்டில் தொலைந்த மூக்குத்தி எட்டு நாள் கழித்து அரிசி டப்பாவில் கிடைத்தது, அதற்குள் வேலை செய்த அக்கா வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்.