ரேடியேட்டரை மாற்றும் முன் தொட்டுப் பாருங்கள்

லண்டனில் எங்கள் பழைய வீட்டில், பாய்லரில் காய்ந்த வெந்நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் மாடிப் பின்னறையில் உள்ளது மட்டும் இரண்டு குளிர்காலம் ஐஸாகக் கிடந்தது. பார்க்க வந்தவர், புதிதாக மாற்றிவிடலாம் என்றார். கடைசியில் பழுது ஒரு சின்ன ஊசியில்தான் இருந்தது. ஆகவே, பணத்தை எடுக்கும் முன் கையை வைத்துப் பாருங்கள்.

மேற்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி சுட்டால், உள்ளே காற்று நிற்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிடுங்கள். மேல் மூலையில் சதுர முனையுள்ள சிறு திருகு இருக்கும். அடியில் பழந்துணியைப் பிடித்துக்கொண்டு, அதற்குரிய சாவியால் இடஞ்சுழியாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று திருப்புங்கள். 'உஸ்' ஓசை நின்று தண்ணீர் கசிந்ததும் மூடிவிடுங்கள். துணியை மறக்காதீர்கள், கரிய நீர் பட்ட கறை எங்கள் கம்பளத்தில் இன்னும் இருக்கிறது. பிறகு பாய்லரின் அழுத்தத்தைப் பாருங்கள். காம்பி பாய்லரானால் (தனித் தொட்டி இல்லாமல் குழாய்க்கும் வெந்நீர் தரும் வகை), ஆறிய நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். குறைந்திருந்தால் நிரப்பும் குழாயைத் திறந்து ஏற்றிவிட்டு, இறுக மூடுங்கள்.

அடிப்பகுதி மட்டும் குளிர்ந்தால் உள்ளே துருச்சேறு தேங்கியிருக்கிறது. அதைக் கழுவ ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

எங்களுடையதோ முழுவதும் குளிர்ந்திருந்தது. அறையின் சூட்டை உணர்ந்து தண்ணீரைத் தானே திறந்து மூடும், எண்கள் போட்ட வால்வுத் தலையை 5-க்குத் திருப்பி, அதன் கழுத்து வளையத்தைக் கழற்றித் தலையை எடுத்தேன். உள்ளே ஓர் ஊசி. அழுத்தினால் சில மில்லிமீட்டர் இறங்கி, விட்டதும் துள்ளி எழ வேண்டியது, இறங்கிய இடத்திலேயே சிக்கி, தண்ணீரின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வால்வின் பக்கவாட்டில் ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நாணயத்தால் அழுத்தி அழுத்தி விட்டேன். ஏழெட்டு முறைக்குப் பிறகு துள்ளியது. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்டது. ஆனால் ஊசியை இடுக்கியால் பிடித்து இழுத்துவிடாதீர்கள். ஊசி கையோடு வந்தால் தண்ணீர் பீய்ச்சும். கோடையில் அந்தத் தலையை முழுக்கத் திறந்தே வைத்தால் ஊசி இப்படிச் சிக்காது.

எல்லாம் சரியாகியும் தூரத்து அறை வெதுவெதுப்பாகவே இருந்தால், பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்கள் தண்ணீரை வாரிக்கொள்கின்றன என்று பொருள். அவற்றின் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் வால்வைக் கால் கால் சுற்றாகக் குறையுங்கள். எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

திரைச்சீலை வால்வுத் தலையை மூடினாலும், அறை சூடாகிவிட்டதென நினைத்து அது அடைத்துக்கொள்ளும். அம்மா தைத்துத் தந்த திரையை நான் முக்கால் அடி வெட்டியது அதனால்தான்.