குழாயைத் திறந்தால் இஞ்சி சோடா

கொழிஞ்சாம்பாறையில் மார்ச் பிறந்துவிட்டால் மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரத்தான் செய்யும், ஆனால் அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி வரும். அப்படி ஒரு மார்ச்சில்தான் மெல்போர்னிலிருந்து லீவுக்கு வந்த மச்சான், பெட்டியில் துணிமணிக்கு நடுவே ஒரு காலி எவர்சில்வர் பீப்பாயை வைத்துக் கொண்டுவந்தான். அங்கே அவன் வீட்டிலேயே பீர் காய்ச்சி, இதில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக் குழாயில் பிடித்துக் குடிப்பானாம். இங்கே அது நடக்காது. கள்ளுக்கே பேர்போன சித்தூர் தாலுகா (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்), ஆனாலும் அப்காரி சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சினால் போலீஸ் வழக்குத்தான். அதனால் நான் இஞ்சி சோடாவுக்கு மாறிக்கொண்டேன். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் இஞ்சியிலும் ஆல்கஹால் வந்துவிடும், அந்த வேலையே வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு கேஸை வெளியிலிருந்து ஏற்றுகிறோம். சாமான் எல்லாம் பீருக்கு உள்ளதேதான், அழுத்தக் கணக்கு மட்டும் வேறு.

முதலில் பீப்பாய். கார்னேலியஸ் கெக் என்று பெயர், 5 அமெரிக்க கேலன், நம் கணக்கில் சுமார் 19 லிட்டர். ஒருகாலத்தில் பெப்சி, கோக் சிரப்பைக் கடைகளுக்கு அனுப்பிய பாத்திரம் இது. பின்னால் அட்டைப்பெட்டிக்குள் பையில் சிரப் வர ஆரம்பித்ததும் பழைய கெக்குகள் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கைக்குப் போய்விட்டன. தலையில் இரண்டு முனை இருக்கும். கேஸ் உள்ளே போகிற முனைக்குக் கீழே குட்டிக் குழாய், திரவம் வெளியே வருகிற முனைக்குக் கீழே அடிவரை போகும் நீளக் குழாய். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் கேஸ் கீழிருந்து குமிழ் விட்டுக்கொண்டு ஏறும், குடிக்க ஒன்றும் வராது. பெப்சி வகை முனையும் கோக் வகை முனையும் ஒன்றுக்கொன்று சேராது, அதனால் கெக் எந்த வகையோ அதற்கேற்ற, ட்யூபை முனையில் மாட்டுகிற பூட்டு வாங்குங்கள். மூடியில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இருக்கிறதா, இழுத்தால் புஸ்ஸென்று விடுகிறதா என்று பார்க்காமல் எந்தப் பழைய கெக்கையும் வாங்காதீர்கள். கெக் கிடைக்கவில்லை என்று குக்கரிலும் தண்ணீர் கேனிலும் அழுத்தம் ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

கேஸுக்கு நான் போனது பக்கத்தில் உள்ள சோடா கம்பெனிக்கு. கோலி சோடா போடுகிற சேட்டன்தான் உணவுக்கு ஏற்ற கார்பன் டை ஆக்சைடு எங்கே நிரப்புவார்கள் என்று சொன்னார். ரெகுலேட்டர் வாங்கும்போது கவனம். வெல்டிங் கடையில் கிடைப்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டுகிற வகை, நமக்கு வேண்டியது அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிற வகை. முள் பிஎஸ்ஐயில் காட்டும், வண்டி டயருக்குக் காற்று அடிக்கிற அதே கணக்கு.

சிலிண்டர் பக்க முள்ளை நம்பி எவ்வளவு கேஸ் மிச்சம் என்று பார்க்காதீர்கள். உள்ளே திரவமாக இருக்கிறவரை, கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும், வெயிலுக்குத் தக்கபடிதான் ஏறி இறங்கும். 31 டிகிரிக்கு மேல் இந்த வாயு திரவமாகவே நிற்காது, அழுத்தம் கடகடவென்று ஏறும், அதனால் நம் ஊர் வெயிலில் சிலிண்டரைத் திண்ணையில் வைக்கிற பழக்கம் கூடாது. மிச்சம் தெரிய வேண்டுமானால் எடை போட வேண்டும். நான் தேங்காய் எடை போடும் தராசில் தூக்கி வைத்துப் பார்க்கிறேன். ஒரு கெக்கில் ஏற்றி, கடைசி சொட்டுவரை வெளியே தள்ள ஏறக்குறைய கால் கிலோ கேஸ் போகும்.

இனி இஞ்சி. 15 லிட்டருக்கு அரைக் கிலோ இஞ்சி, ஒன்றரைக் கிலோ சர்க்கரை, 300 மில்லி எலுமிச்சைச் சாறு. இஞ்சியை அரைத்துப் பிழிந்து அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளையாக மாவு படியும். அதைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, கொஞ்சம் தண்ணீரில் சர்க்கரையோடு கொதிக்க வைத்து ஆறவிட்டு, எலுமிச்சை சேர்த்து, வெள்ளைத்துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள், பிறகு மீதித் தண்ணீரை ஊற்றிக் கெக்கில் நிரப்புங்கள். சோம்பல்பட்டு ஒரு தடவையோடு விட்டேன், நாரும் மாவும் போய் முனையில் இருக்கிற குட்டி வால்வை அடைத்துக்கொண்டது. போதாததற்குத் திப்பி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே நுரை கிளம்பும். அம்மாயி கேட்டாள் என்று நன்னாரியிலும் போட்டேன், அதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மூடியை வைத்து 30 பிஎஸ்ஐ கொடுத்தால் ரப்பர் வளையம் டப்பென்று உட்காரும். வால்வை இரண்டு மூன்று தடவை இழுத்து உள்ளே இருக்கிற காற்றை வெளியே விட்டுவிடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர். மூடி, இரண்டு முனை, ரெகுலேட்டர் இணைப்பு என்று ஒன்று விடாமல் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். முதல் தடவை இதைச் செய்யாமல் தூங்கப் போய், காலையில் எழுந்து பார்த்தால் புதுசாக நிரப்பிய சிலிண்டர் மொத்தமும் காலி. மூடி வளையத்தில் ஒரு தலைமுடி. அடைத்த அறையில் இப்படிக் கசிந்தால் பணம் போவதோடு நிற்காது, இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும், ஜன்னல் இல்லாத இடத்தில் வைக்காதீர்கள்.

கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர விடுங்கள், சூடான தண்ணீரில் கேஸ் கரையவே கரையாது. 4 டிகிரியில் பீருக்கு 12 பிஎஸ்ஐ போதும், சோடாவுக்குச் சுரீரென்று இருக்க 25 வேண்டும். கேஸைத் திறந்தபடி ஒரு வாரம் விட்டால் தானாகப் பிடிக்கும். ஃபிரிட்ஜ் டயலில் உள்ள நம்பரை நம்பாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி உள்ளே வைத்துப் பாருங்கள்.

நுரை பிரச்சினைதான் எல்லோரையும் அலைக்கழிக்கிறது. நுரை வந்ததும் எல்லோரும் ரெகுலேட்டரைத்தான் குறைப்பார்கள், நானும் குறைத்தேன், ரெண்டு நாளில் சோடா சப்பென்று ஆகிவிட்டது. குற்றவாளி ட்யூப். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மூன்றடியில் வெட்டியிருந்தேன். கெக்குக்குள் 25 பிஎஸ்ஐயில் இருக்கிற திரவம் குழாய் வாயில் சட்டென்று அழுத்தம் இழந்தால் கேஸ் அப்படியே வெடித்து வெளியே வரும், டம்ளரில் முக்கால் நுரை, கால் இனிப்புத் தண்ணீர். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஓஸ் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் கடைசியில் வேகம் தணிந்துதான் வரும். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ட்யூப் பீருக்கு 10 அடி, சோடாவுக்கு 25 அடி. அத்தனையையும் சுருட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். வெளியே தொங்குகிற ஒரு முழ ட்யூப் நம் ஊர் வெயிலில் சூடாகி, முதல் டம்ளரை எப்போதும் நுரையாக்கிவிடும்.

அதனால்தான் ஆரம்பத்தில் ஃபிரிட்ஜைத் துளைக்காதீர்கள் என்கிறேன். கையால் அழுத்துகிற கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று கிடைக்கும், கதவைத் திறந்து உள்ளேயே பிடித்துக்கொள்ளலாம். கெக் இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே உயரம், தட்டுகளை எடுத்துவிட்டால் காயலான் கடையில் வாங்கிய என் பழைய ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜில் சரியாக நிற்கிறது. வெளியே குழாய் வைத்தே ஆகவேண்டுமென்றால் கதவில் துளையுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். நிறைய ஃபிரிட்ஜ்களில் கேஸ் ஓடும் சுருள் அந்தச் சுவருக்குள் ஓடுகிறது, ட்ரில் அதில் பட்டால் ஃபிரிட்ஜின் கதை முடிந்தது.

ஊற்றும்போது டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, குழாயை முழுக்கத் திறங்கள். மெதுவாக வரட்டும் என்று பாதி திறந்தால் அந்த இடுக்கிலேயே நுரை கிளம்பும். வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுக்கப் பட்ட பாடு அதுதான்.

கெக் காலியானதும் சலவை சோடா கலந்த வெந்நீரை ஊற்றி, அதையே கேஸால் தள்ளி ட்யூப் வழியாக விடுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். ப்ளீச்சிங் பவுடர் எவர்சில்வரை அரிக்கும், கிட்டேயே கொண்டுவராதீர்கள். முனைகளைக் கழற்றும் முன்னால் வால்வை இழுத்து அழுத்தத்தை முழுக்க விட்டுவிடுங்கள். நான் ஒரு தடவை மறந்தேன், முனை எகிறிப் போய் உத்தரத்தில் அடித்தது, அந்த வடு இன்னும் அங்கே இருக்கிறது.