நாயோடு குடாவுக்குக் குளிக்கப் போகிறீர்களா? முதன்முறை போவோருக்கு

இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னிக்கு இரண்டு பக்கமும் கடல். கிழக்கே முல்லைத்தீவு, வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி திறந்து கிடக்கும் கரை. அங்கே அலை காலைப் பறிக்கும். மேற்கே நாச்சிக்குடாப் பக்கம் ஆழம் குறைந்த கடல். பெயரிலேயே குடா இருக்கிறது. நீந்தப் பழகுகிறவருக்கும் தண்ணீர் காணாத நாய்க்கும் நான் சொல்வது மேற்குக் கரையைத்தான். பூநகரி - மன்னார் ஏ-32 வீதியால் போகலாம்.

முதலில் காற்றைப் பாருங்கள். வாடை (வடகீழ்க் காற்று) ஓய்ந்து சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்காத பங்குனி, சித்திரை நல்ல காலம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள். புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

கரைக்கு இறங்கும்போது ஆட்கள் நடந்து நடந்து விழுந்த பாதையை விட்டு விலகாதீர்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடக்கிறது. பற்றைக்குள் நாய் ஓடினால் நீங்களும் பின்னால் ஓடுவீர்கள், ஆகவே கயிறு கையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் வாடியில், அதாவது கரையிலுள்ள மீனவர் கொட்டிலில், இருப்பவரிடம் கேளுங்கள்: "அண்ணை, இதில குளிக்கலாமோ? வலை எங்க கிடக்கு?" அது அவர்கள் தொழில் செய்யும் இடம். எந்த இடத்தில் சேறு, எங்கே சிறகுவலைக் கம்பு, இன்றைக்குச் சொறி (ஜெல்லி மீன்) வந்திருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். காயப்போட்ட வலைமேல் நாயை நடக்க விடாதீர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாயை அவிழ்க்கும் முன் கரையை ஒருமுறை நடந்து பாருங்கள். வலையில் வந்த பேத்தை என்ற, ஊதிப் பருக்கும் நஞ்சு மீனைக் கழித்து மணலில் எறிந்திருப்பார்கள். அதன் நஞ்சு காய்ந்தாலும் போகாது, அவித்தாலும் போகாது. எங்கள் கறுப்பி ஒருநாள் படகு நிழலில் எதையோ கடித்துக்கொண்டு நின்றாள். கிட்டப் போனால், பந்துபோல் ஊதிக் காய்ந்த பேத்தை, முள்ளும் வெள்ளை வயிறும் பல்லுக்கு நடுவே. கடைவாய்க்குள் விரலைக் கொடுத்துத் தாடையைத் திறந்து எடுத்தேன். விழுங்கவில்லை. விழுங்கியிருந்தால் வாய் வடியும், தள்ளாடும், பிறகு மூச்சுத்தசையே நின்றுவிடும். அதுவரை காத்திராமல் நேரே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். தூண்டில் முள்ளையும் கவனியுங்கள்.

சரி, தண்ணீருக்குள் இறங்கலாம். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள்; புதைந்திருக்கும் திருக்கை அந்த அசைவில் விலகிவிடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டு நீரில் காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். சூட்டில் வலி தணியும். போத்தலில் சுடுநீர் கொண்டுபோவது என் பழக்கம். நெஞ்சளவு ஆழம் போதும், கரையோரமாகவே நீந்துங்கள்.

நாயை எறியவோ இழுக்கவோ வேண்டாம். நீங்கள் முழங்காலளவில் உட்கார்ந்தால் அதுவாக வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றி நல்ல தண்ணீர் கொடுங்கள். உப்புநீர் குடித்த நாய் வாந்தி எடுக்கும், வயிற்றாலும் போகும்.

வெளிக்கிடும்போது நாயின் கழிவைப் பையில் அள்ளிக்கொள்ளுங்கள், விடிந்தால் அந்த மணலில்தான் வலை விரிப்பார்கள். வீட்டில் கிணற்றுநீரால் கழுவி, காதைத் துவாயால் ஒற்றி, விரலிடுக்கில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பி அந்த நேரத்தில் நின்றபடியே தூங்குவாள்.