முதல் வெளிநாட்டு விமானப் பயணம்: பாதுகாப்புச் சோதனைக்கு ஏற்பப் பெட்டி அடுக்குவது எப்படி?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ முதன்முறையாகப் பறக்கவிருப்பவர்கள், கொண்டுபோக நினைக்கும் பொருள்கள் அனைத்தையும் முதலில் கட்டிலின் மேல் பரப்பி, செக்-இன் பெட்டிக்கு (விமான நிறுவனத்திடம் ஒப்படைத்து, சரக்கு அறையில் போகும் பெட்டி) உரியவை, உடன் எடுத்துச்செல்லும் கைப்பைக்கு உரியவை, எதிலுமே வைக்கக் கூடாதவை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எடையைப் பற்றி நாம் படும் கவலையில் பாதிகூட இந்தப் பிரிப்பைப் பற்றிப் படுவதில்லை.

எதிலும் வைக்கக் கூடாதவற்றை உடனே அகற்றிவிடுங்கள். தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு ஆகியவற்றைப் பலரும் அறிவார்கள். பூஜைப் பொருள்களோடு சேர்ந்து வந்துவிடும் கற்பூரம்தான் மறந்துபோகும். கொப்பரைத் தேங்காயும், எண்ணெய்ச் சத்து மிகுந்து தீப்பற்றக்கூடியது என்பதால், 2022 முதல் செக்-இன் பெட்டியிலும் தடை செய்யப்பட்டுள்ளது.

அடுத்து, செக்-இன் பெட்டி. கத்தி, கத்தரிக்கோல், கருவிகள், ஊறுகாய், நெய், மிளகாய்த்தூள், இட்லிப் பொடி ஆகியவற்றை இதில் வையுங்கள். நெய்யும் ஊறுகாயும் சோதனையாளரின் கண்ணுக்குத் திரவ வகைதான் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாயிலில் நின்றுகொண்டு புரியவைப்பது கடினம். மூடியின் மேல் டேப் ஒட்டி, இரண்டு பாலித்தீன் உறைகளில் கட்டினால் துணிகள் தப்பிக்கும்.

பவர் பேங்க்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் இதற்கு நேர்மாறானவை. அவை கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். சரக்கு அறையில் பேட்டரி தீப்பிடித்தால் எவராலும் எட்டி அணைக்க முடியாது, பயணிகள் பகுதியிலோ ஊழியர்கள் உடனே கவனித்துவிடுவார்கள். விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய வரம்பு 100 வாட்-மணி (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு). பவர் பேங்க்கின் மேல் அச்சிட்டுள்ள மில்லி ஆம்பியர்-மணி எண்ணை 1000ஆல் வகுத்து, 3.7ஆல் (பேட்டரியின் வழக்கமான வோல்ட் அளவு) பெருக்கிப் பாருங்கள்: 20,000 என்றிருந்தால் 74 வாட்-மணி வரும், கவலையில்லை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கை வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள்.

கைப்பையில் வைக்கும் திரவங்கள், பசைகள், கிரீம்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத கொள்கலனில் இருக்க வேண்டும். அவை எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் முறியடிக்கப்பட்ட பிறகு வந்த விதி இது. கொள்கலனின் அளவே கணக்கு என்பதால், 200 மில்லிலிட்டர் புட்டியின் அடியில் சிறிது எண்ணெய் மட்டும் இருந்தாலும் அனுமதிக்க மாட்டார்கள். மருந்துகளுக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. மருத்துவர் எழுதிய சீட்டை உடன் வைத்திருங்கள்.

கடைசியாக, மடிக்கணினியையும் டேப்லெட்டையும் பையின் மேல்புறத்தில், ஒரே இழுப்பில் வெளியே வரும்படி வையுங்கள். அவற்றைத் தனித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும்போதே சாவி, சில்லறை, பெல்ட் ஆகியவற்றைப் பைக்குள் போட்டுவிடலாம். தண்ணீர் புட்டியைக் காலியாக எடுத்துச்சென்று, சோதனை முடிந்ததும் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள்.