லட்டுவின் கண்களுக்குத் தினமும் நான் செய்வது

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். லட்டு ஏழு வயது பக் இன நாய். கருப்பன் தெருவிலிருந்து வந்தவன், நீள மூக்கு, ஒல்லி உடம்பு. கருப்பனின் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. லட்டு விஷயம் வேறு. சப்பை மூக்கு, கண்குழியில் ஆழம் கிடையாது, அதனால் விழி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தூங்கும்போதுகூட இமை முழுசாக மூடாது. காலையில் காபி போடுவதற்கு முன்னால் அவள் கண்ணைத் துடைத்துவிடுவேன். மூன்று நிமிஷ வேலை.

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் நார்மல் சலைனும் காஸ் துணியும் போதும். பஞ்சு வேண்டாம், அதன் இழை பிரிந்து கண்ணுக்குள் ஒட்டிக்கொள்ளும். சலைன் தீர்ந்துபோன நாளில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எடுத்துக்கொள்வேன். மஞ்சள் தண்ணீர், தேன், பன்னீர் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதையும் கண்ணில் விடாதீர்கள்.

துணியை பாட்டிலுக்குள் முக்காமல், கொஞ்சம் சலைனைக் கிண்ணத்தில் ஊற்றி நனைப்பேன். நனைத்த துணியை மூக்கோரத்து மூலையில் வைத்து, முப்பது எண்ணும்வரை அப்படியே பிடித்திருப்பேன். காய்ந்த பீளை ஊறி இளகிவிடும். அப்புறம் உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. துணி இமையின் ஓரத்தில்தான் பட வேண்டும், விழியில் படக் கூடாது. அடுத்த கண்ணுக்குப் புதுத் துணி. பீளை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் நகத்தால் பிய்க்காதீர்கள்.

பக் வைத்திருப்பவர்கள் மூக்கின் மேல் இருக்கும் மடிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விரலால் விரித்து, ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஈரம் தங்கினால் புண்ணாகி நாறும். அந்த மடிப்பில் இருக்கும் முடி விழியை உரசினால் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

துடைத்த கையோடு அவளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பேன். கருவிழியில் ஜன்னல் கம்பிகள் கண்ணாடியில் தெரிவதுபோலப் பளிச்சென்று தெரிய வேண்டும். மங்கலாகவோ உடைந்தோ தெரிந்தால் கருவிழியில் ஏதோ கோளாறு. ஒரு கண்ணை இன்னொரு கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்த பிறகுதான். இரண்டு வருஷம் முன்பு லட்டுவின் வலது கண்ணில் பச்சையும் மஞ்சளுமாகப் பசை மாதிரி பீளை கட்டியது. பக் என்றால் இப்படித்தான் என்று துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கண்ணைச் சுருக்க ஆரம்பித்தாள். மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மிச்சமிருந்த சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. நல்லது என்று நினைத்து இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு.

டாக்டர் சாயம் தோய்த்த ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டையால் கண்ணைத் தொட்டு, சலைனால் அலசி, நீல விளக்கை அடித்தார். புண் இருந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. மிளகு அளவு இருக்கும். என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார். பாட்டிலைக் காட்டினேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது. கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் ஆறாது, புண் இன்னும் ஆழமாகும், விழியே ஓட்டையாகிவிடலாம். வீட்டில் மிச்சமிருக்கும் கண் மருந்தை நாய்க்குப் போடவே போடாதீர்கள், போன தடவை அதே நாய்க்கு எழுதிக் கொடுத்ததாக இருந்தாலும்.

புண் ஆற மூன்று வாரம் ஆனது. அதுவரை கண்ணைப் பிறாண்டாமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்போடு சுவரில் இடித்துக்கொண்டே திரிந்தாள். புகை படிந்ததுபோல ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது.

புண்ணுக்குக் காரணம் கண்ணீர் வற்றியது. கண்ணீர் குறைந்தால் கண் வறண்டுதானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் நீர் குறைந்ததும் சளி போன்ற பகுதி மட்டும் மிஞ்சிப் பசையாகத் திரளும். இதற்கு எளிய சோதனை உண்டு. கீழ் இமையில் மெல்லிய காகிதப் பட்டையை ஒரு நிமிஷம் செருகி வைப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் சரி. லட்டுவுக்கு 7தான் நனைந்தது. அன்றிலிருந்து காலையும் இரவும் கண்ணீர் சுரக்க வைக்கும் சைக்ளோஸ்போரின் களிம்பு போடுகிறோம், ஆயுசுக்கும் போட வேண்டும்.

களிம்பு போடும்போது எதிரில் உட்காராதீர்கள், மிரளும். நாயை மடிக்கு முன்னால் உட்காரவைத்து, பின்னாலிருந்து முகவாயைத் தூக்கி, கீழ் இமையை லேசாக இழுத்து, அரிசி நீளத்துக்கு வையுங்கள். டியூப் நுனி விழியில் படக் கூடாது. சொட்டு மருந்தும் இருந்தால் முதலில் சொட்டு, ஐந்து நிமிஷம் கழித்துக் களிம்பு.

கருப்பனுக்கு வந்தது வேறு. போன மழைக்காலத்தில் அவன் வெள்ளைவிழியில் ரத்தம் கசிந்ததுபோலச் சிவப்பு. கண்ணில் அடி என்று நினைத்தோம். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்ப்பது அதற்குப் பிறகு எங்களுக்குக் கண் பராமரிப்பில் சேர்ந்துவிட்டது. குட்டி நாய்க்குக் கண்ணிலும் மூக்கிலும் கெட்டியாக ஒழுகிக் காய்ச்சலும் இருந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கண்ணைத் திறக்க முடியாமல் சுருக்குவது, விழி நீலம் பாய்வது, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து கண் சிவந்து வீங்குவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கடைசியில் சொன்னது கண் அழுத்த நோயாக இருந்தால் ஓரிரு நாளில் பார்வை போய்விடும்.

லட்டுவின் சங்கிலியைக் கழுத்துப் பட்டையில் மாட்டுவதில்லை, மார்போடு சுற்றும் ஹார்னஸ்தான். பக்கின் கழுத்தை வேகமாக இழுத்தால் விழி இமைக்கு வெளியே பிதுங்கிவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் உள்ளே தள்ளிப் பார்க்காதீர்கள். சலைனில் நனைத்த துணியால் விழியை மூடி, நாய் காலால் பிறாண்டாமல் பிடித்துக்கொண்டு, நேரே ஆட்டோ ஏறுங்கள்.