மனிதரைக் கடைசியில் சேர்க்காதீர்கள்: பொறுப்புள்ள ஏஐ ஆராய்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் சிலர் தங்கள் ஆராய்ச்சித் திட்டத்தை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். முதல் மூன்று வருடம் மாடலைக் கட்டுவது, சோதிப்பது, மேம்படுத்துவது. நான்காம் வருடத்தில் ஆறு மாதம் 'பயனர் ஆய்வு'. தலைப்பு 'மனிதரை மையப்படுத்திய செயற்கை நுண்ணறிவு' என்று சொல்லும். அந்த மனிதர் கடைசி ஆறு மாதத்துக்குத்தான் வருவார். இந்தத் துறையில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

இப்படித் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2018 நவம்பருக்கும் 2019 ஆகஸ்டுக்கும் நடுவே, கூகுளின் ஆராய்ச்சியாளர்கள் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களுக்குப் போய் உட்கார்ந்து கவனித்தார்கள். அங்கே பயன்பட்டது, நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் ஓர் ஏஐ மாடல். ஆய்வகச் சோதனைகளில் நிபுணர்களுக்கு இணையாகத் தேறியிருந்தது. ஆனால் பல நிலையங்களில் படம் எடுக்கத் தனியாக இருட்டறை கிடையாது. செவிலியர் இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பார். மாடலோ தெளிவில்லாத படத்தை ஏற்காது. தவறான முடிவு சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக வைத்த விதி அது. அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதம் திரும்பி வந்தன. படம் திரும்பிவிட்டால் நோயாளி வேறோர் இடத்துக்குப் போய் நிபுணரைப் பார்க்க வேண்டும். போக்குவரத்தும் விடுப்பும் இல்லாதவருக்கு அது லேசான காரியமா? படத்தை அனுப்பும் இணைய இணைப்பும் அடிக்கடி மந்தமாகிவிடும், வரிசை நீண்டுகொண்டே போகும்.

இவற்றில் எதுவும் மாடலின் துல்லியம் பற்றிய பிரச்சினை இல்லை. ஆய்வகத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. ஆகவே முதல் ஆறு மாதத்தை வேலை நடக்கும் இடத்தில் செலவிடுங்கள். எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதே அங்கேதான் பிடிபடும். இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானமும் இல்லை. 1980களிலேயே ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர், நகலெடுக்கும் இயந்திரத்தோடு மனிதர்கள் படும் பாட்டை வீடியோ எடுத்து, வரிவரியாக ஆராய்ந்தார். மனிதர் என்ன நினைத்தார், இயந்திரம் என்ன புரிந்துகொண்டது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை.

மதிப்பெண்ணை மட்டும் நம்புவது

இது நானே செய்த தவறு. ஒரு மருத்துவமனையின் முன்பதிவு மேசையில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு யார் வராமல் போவார்கள் என்று ஒரு மாடல் கணித்துச் சொல்லும். அந்த நேரத்துக்கு இன்னொருவரையும் சேர்த்துப் பதிந்துகொள்வார்கள். மேசையில் இருந்த அம்மாவிடம் கேள்வித்தாளை நீட்டினேன். 'இந்தக் கணிப்பை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்?' ஒன்றிலிருந்து ஐந்து வரை. யோசிக்கவே இல்லை, நாலைச் சுழித்துவிட்டார். எனக்கு மகிழ்ச்சி. எழுந்து கிளம்பும்போதுதான் விசைப்பலகைக்குக் கீழே செருகியிருந்த அச்சிட்ட பட்டியலைக் கவனித்தேன். 'வரமாட்டார்' என்று மாடல் சொன்ன பெயர்களின் ஓரத்தில் பென்சில் குறிகள். சிலவற்றுக்கு டிக், சிலவற்றுக்கு வட்டம்.

என்ன இது என்று கேட்டேன். பெயரை விரலால் மறைத்துக்கொண்டு ஒரு வட்டத்தைக் காட்டினார். "இவங்க வந்துருவாங்க தம்பி. போன தடவை வராததுக்கு நாமதான் காரணம், டாக்டர் லீவுன்னு தேதியை மாத்திட்டோம். மெஷினுக்கு அது தெரியாது."

ஐந்துக்கு நாலு என்று சொன்னவர் தினமும் பென்சிலை வைத்து அந்தக் கணிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. வேலை செய்யும் இடம் கொடுத்த கருவியைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருவர் கேட்டால் மரியாதையாக என்ன சொல்வோமோ அதைச் சொன்னார். கேள்வித்தாள் அந்த மரியாதையைத்தான் அளந்தது. அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, 'நீங்கள் கையால் எழுதிவைத்திருக்கிற ஏதாவது இருக்கிறதா?' என்பதுதான்.

இதோடு சேர்ந்த புதுத் தவறு ஒன்று இப்போது பரவுகிறது. பங்கேற்பாளர்களைத் தேடுவது சிரமம் என்று, சாட்ஜிபிடி போன்ற மொழி மாடலையே 'நீ ஒரு செவிலியர்' என்று நடிக்க வைத்து, அது சொல்லும் பதில்களைத் தரவாக எடுத்துக்கொள்கிறார்கள். கேள்விகளை ஒத்திகை பார்க்க அது உதவலாம். மனிதரைப் பற்றிய கண்டுபிடிப்பு என்று அதை எழுதுவது தவறு. அந்தப் பென்சில் குறி எந்த மாடலின் பயிற்சித் தரவிலும் இல்லை.

நியாயத்தை ஒரு சூத்திரம் என்று நினைப்பது

கணினியிலிருந்து வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இங்கே ஒரு தடவையாவது வழுக்குகிறார்கள். நியாயத்துக்கு ஓர் அளவுகோலைத் தேர்ந்தெடுப்பார்கள், அதை உயர்த்துவார்கள், பேப்பர் முடிந்துவிடும். ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்க அமெரிக்க நீதிமன்றங்களில் பயன்பட்ட காம்பாஸ் என்ற மதிப்பீட்டு முறையைப் பற்றி 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் எழுதியது. மறுபடி குற்றம் செய்யாத கறுப்பினத்தவர்களை 'அபாயம் அதிகம்' என்று அது தவறாகக் குறிப்பது, வெள்ளையர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பது குற்றச்சாட்டு. தயாரித்த நிறுவனம், ஒரே மதிப்பெண் வாங்கிய இரு இனத்தவரும் ஒரே விகிதத்தில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், ஆகவே எங்கள் முறை நியாயமானது என்று பதில் சொன்னது. இரண்டு தரப்புக் கணக்கும் தப்பில்லை. இரு குழுக்களின் அடிப்படை விகிதம், அதாவது மறுபடி குற்றம் செய்கிறவர்களின் பங்கு, வேறாக இருக்கும்போது, இந்த இரண்டு நியாயங்களையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாது என்று அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் கணித ரீதியாகவே நிறுவின. அப்படியானால் எந்த நியாயத்தை விட்டுக்கொடுப்பது? கணிதம் இதற்குப் பதில் சொல்லாது. தீர்ப்பால் பாதிக்கப்படுகிறவர்களோடு பேசாமல் அந்த முடிவை நீங்களே எடுத்துவிட்டால், அதை எடுத்தோம் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

இன்னொரு வழுக்கல், எதை அளக்கிறோம் என்பதில். 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு, அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுத்த ஓர் அல்காரிதத்தைப் பிரித்துப் பார்த்தது. அது நோயின் கடுமையைக் கணிக்கவில்லை, மருத்துவச் செலவைக் கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்கு வழக்கமாகவே குறைவாகச் செலவிடப்பட்டதால், அதே அளவு நோயுள்ளவர்களும் ஆரோக்கியமானவர்கள் போலத் தெரிந்தார்கள். அந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் உதவி பெறுகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள். இனம் என்ற தகவலே அந்த அல்காரிதத்துக்குக் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மாடலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க, தரவு அட்டவணையில் மாடல் கணிக்கப்போகும் அந்த ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு 'இது உண்மையில் எதை அளக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள்.

மாடல் ஏன் அப்படிக் கணித்தது என்று விளக்கம் கொடுத்தால் பயனர் சரியாக முடிவெடுப்பார் என்று நம்புவதும் இதே வகைதான். மாடல் தவறும்போதுகூட, விளக்கத்தைப் பார்த்தவர்கள் அதை ஏற்றுக்கொள்வது அதிகமாகிறது என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. 'பயனர்களுக்கு விளக்கம் பிடித்தது' என்பது முடிவு ஆகாது. தவறான கணிப்பை அவர்கள் நிராகரித்தார்களா என்று சோதியுங்கள்.

அனுமதி கிடைத்ததும் கடமை முடிந்தது என்று நினைப்பது

2014இல் வெளியான ஓர் ஆய்வில், 6,89,003 ஃபேஸ்புக் பயனர்களின் செய்தி ஓட்டத்தை மாற்றி, அவர்களுடைய மனநிலை மாறுகிறதா என்று பார்த்தார்கள். யாரிடமும் தனியாகக் கேட்கவில்லை. சேரும்போது ஒப்புக்கொண்ட விதிமுறையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கண்டனம் எழுந்து, வெளியிட்ட இதழே கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. இந்தச் சம்பவத்தை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றாடம் நடக்கும் சின்ன மீறல்கள் கண்ணுக்குப் படுவதில்லை. நேர்காணல் ஒலிப்பதிவை எழுத்தாக்க நேரமில்லை என்று, கைக்குக் கிடைத்த இணையச் சேவையில் ஏற்றிவிடுவது அதில் ஒன்று. 'உங்கள் குரல் எங்களைத் தவிர யாருக்கும் போகாது' என்று கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். அது நீங்கள் கொடுத்த வாக்கு. எழுத்தாக்கத்துக்கு எதைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று சம்மதப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

வாழ்க்கைத்தொழிலாக இதை எடுப்பவர்களுக்கு வரும் அடி வேறு மாதிரி. கணினித் துறை மாநாட்டுப் பேப்பர்களை எண்ணும். சமூக அறிவியல் துறைகள் ஜர்னல்களையும் புத்தகங்களையும் பார்க்கும். நீங்கள் ஒரு வருடம் களத்தில் இருந்து 25 பேரிடம் பேசி ஒரு பேப்பர் எழுதும்போது, பக்கத்து மேசைக்காரர் நாலு பேப்பர் போட்டிருப்பார். பதற்றத்தில் பலர் களவேலையைச் சுருக்கிவிடுகிறார்கள். அப்புறம் அந்த வேலை இரண்டு பக்கத்துக்கும் திருப்தி தருவதில்லை.

உங்கள் ஆராய்ச்சிக்கு ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அல்காரிதங்களின் நியாயம், பொறுப்பு, வெளிப்படைத்தன்மை பற்றி 2018இல் தொடங்கிய ஃபாக்ட் மாநாடு, மனிதர்-கணினி ஊடாட்டத்துக்கான சிஎச்ஐ மாநாடு போன்ற இடங்களில் இந்த வேலையின் மதிப்பு தெரிந்தவர்கள் பரிசீலனை செய்கிறார்கள். எந்த முறையில் நீங்கள் கெட்டிக்காரர் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும்: நேர்காணலா, பரிசோதனையா, அல்காரிதத்தை வெளியிலிருந்து சோதிக்கும் தணிக்கையா? மற்றதைப் பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றால் போதும். மீதியைக் கூட்டாளியோடு சேர்ந்து செய்யலாம்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். களவேலைக்கு ஒரு வருடம் எடுத்துக்கொண்ட மாணவர் யாராவது இருந்தாரா, அவர் இப்போது எங்கே என்று கேளுங்கள். நிறுவனப் பணத்தில் ஆராய்ச்சி என்றால், சாதகமில்லாத முடிவையும் வெளியிடும் உரிமை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

திரும்பிப் போகாமல் இருப்பது

பேப்பர் ஏற்கப்பட்டதும், நேரம் கொடுத்துப் பேசியவர்களை மறந்துவிடுகிறோம். நானும் மறந்திருப்பேன், ஆய்வேட்டுத் தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்கவில்லை என்றால். முன்பதிவு மேசை பற்றிய அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன். அட்டவணையை விரலால் ஓட்டிக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றார். வட்டம் என்றால் 'மாடல் தவறு', டிக் என்றால் 'மாடல் சரி' என்று நான் எழுதியிருந்தேன்.

"வட்டம் சரி. டிக்குன்னா மெஷின் சரின்னு இல்ல தம்பி. போன் போட்டுப் பேசிட்டேன்னு அர்த்தம்."

மறுபடி எண்ணி முடிக்க மூன்று வாரம் ஆனது. மாடலோடு அவர் ஒத்துப்போனதாக நான் கணக்கெடுத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் அன்றைக்கு வந்திருந்தார்கள், அவர் கூப்பிட்டுப் பேசியதால்.